ஓலையும் ஒளித்தகடும்

இராமநாதபுரத்திலிருந்து கடற்கரையை நோக்கிச் செல்வோரின் கண்களுக்கு எங்கும் தென்படுவன பனைமரங்கள். மழை குறைந்த நிலத்திலும் உவர்மணலிலும் தளராது நிற்கும் இம்மரம், இப்பகுதி மக்களுக்கு நுங்கும் பதநீரும் கருப்பட்டியும் தருகின்றது; வீட்டுக்கு விட்டமும் கூரைக்கு ஓலையும் தருகின்றது. இவை யாவற்றினும் சிறந்ததொரு கொடையையும் பனை தமிழுக்கு அளித்துள்ளது. தாள் வழக்கிற்கு வருவதற்கு முன், நம் முன்னோர் தம் பாட்டையும் உரையையும் கணக்கையும் மருத்துவத்தையும் எழுதி வைத்தது பனையோலையிலேயே அன்றோ?

ஓலையில் எழுதுவது எளிய செயலன்று. பதமான ஓலையைத் தேர்ந்து, நறுக்கி, வேகவைத்து, உலர்த்தி, வழவழப்பாக்குவர். பின்னர் கூரிய இரும்பு எழுத்தாணியால் அதன்மேல் எழுத்துகளைக் கீறுவர். கீறிய எழுத்து உடனே கண்ணுக்குத் தெரியாது. மஞ்சளும் கரியும் இலைச்சாறும் கலந்து தடவியபின் எழுத்துகள் கறுத்துத் தோன்றும். இதற்கு மையாடுதல் என்று பெயர். எழுத்தாணி கூர்மையாக இருக்குமாயின் எழுத்து சிறிதாகும். எழுத்து சிறிதாகுமாயின் ஓர் ஓலையில் கொள்ளும் செய்தி மிகுதியாகும். இவ்வுண்மையை நன்கு நினைவிற் கொள்ளுங்கள். இன்றைய விஞ்ஞானத்தின் அரிய ஆக்கம் ஒன்றை விளங்கிக்கொள்ள அதுவே திறவுகோலாகும்.

அவ்வாக்கம் யாது? அதுவும் ஒருவகை ஓலையே. ஆனால் அது நீண்டதன்று, வட்டமானது. பச்சை மரத்தில் விளைந்ததன்று, பாலிகார்பனேட் என்னும் செயற்கைப் பொருளால் ஆனது. அதன் குறுக்களவு 12 சென்டிமீட்டர், தடிப்பு 1.2 மில்லிமீட்டர். அதன் எழுத்தாணி இரும்பன்று, ஒளி. முழுநீளத் திரைப்படம் ஒன்றை மிகத் தெளிவான காட்சியோடும் ஒலியோடும் தன்னுள் அடக்கி, வீட்டிலேயே கண்டு மகிழச் செய்யும் அத்தகட்டிற்குப் புளூ-ரே என்று பெயர். நீலக்கதிர் என்பது அதன் பொருள். அப்பெயர் வந்த காரணத்தையும், அத்தகடு தொழிற்படும் முறையையும், அதனால் நாம் அறியத்தக்க பாடத்தையும் இங்குக் காண்போம்.

மன்னார் வளைகுடாவில் முற்காலத்தில் முத்துக்குளித்தல் சிறப்புற நடைபெற்றது. இன்று அத்தொழில் நின்றுவிட்டது. ஆயினும் முத்துச்சிப்பியின் உட்புறத்தை நீங்கள் கண்டிருக்கலாம். அதனைக் கையில் வைத்துச் சாய்த்துப் பார்த்தால் பசுமையும் செம்மையும் நீலமும் மாறிமாறி மின்னும். அந்நிறங்கள் சிப்பியின்மேல் பூசப்பட்ட சாயமல்ல. மிக மெல்லிய அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்றாக அமைந்திருத்தலால், அவற்றினின்று திரும்பும் ஒளியலைகள் ஒன்றோடொன்று கலந்து அந்நிறங்களைத் தோற்றுவிக்கின்றன. பழைய குறுந்தகட்டின் முகத்திலும் இத்தகைய வானவில் நிறங்களைக் காணலாம். அங்கு அடுக்குகள் இல்லை. நெருக்கமான நுண்வரிகள் உள்ளன. ஒளியை இவ்வாறு பிரிக்கும் அளவிற்கு நுண்ணியவை அவ்வரிகள். அவையே அத்தகட்டின் எழுத்துகள்.

அவ்வெழுத்துகளை உருப்பெருக்கியின் துணைகொண்டு நோக்கினால் அகரமும் ககரமும் அங்கே தோன்றா. சிறியவும் சற்று நீண்டனவுமான குழிகள் வரிசையாகத் தோன்றும். உலகிலுள்ள எச்செய்தியையும் 1, 0 என்னும் இரண்டே குறிகளால் எழுதிவிட முடியும் என்பது கணிப்பொறிக் கலையின் அடிப்படை. குழி தொடங்கும் இடமும் முடியும் இடமும் 1 என்னும் குறியைக் காட்டும். மாறுதலின்றிச் செல்லும் இடம் 0 என்பதைக் காட்டும். தகடு சுழலும்பொழுது மெல்லிய லேசர் ஒளி அவ்வரிசையின்மேல் விழுகின்றது. சமமான இடத்தில் விழுந்த ஒளி நன்கு திரும்பி வருகின்றது. குழியில் விழுந்த ஒளியோ, அருகிலிருந்து திரும்பும் ஒளியலைகளோடு முரண்பட்டுத் தணிந்து மங்குகின்றது. இந்த ஒளிர்வையும் மங்கலையும் ஒரு கருவி உணர்ந்து மின்குறிகளாக்குகின்றது. அக்குறிகளே நிறமாகவும் இசையாகவும் திரையில் உயிர் பெறுகின்றன.

கடைகளில் விற்கப்படும் திரைப்படத் தகடுகள் ஒவ்வொன்றாக எழுதப்படுவன அல்ல. முதலில் மூலத்தகடு ஒன்றில் லேசர் ஒளியால் எழுதுவர். அதிலிருந்து நிக்கல் உலோகத்தால் அச்சு ஒன்று செய்வர். அவ்வச்சைக்கொண்டு ஆயிரக்கணக்கான தகடுகளை வார்த்தெடுத்து, ஒளியைத் திருப்பும் உலோகப் படலத்தை அவற்றின்மேல் படியச் செய்வர். ஓலையில் ஏடெழுதுவோர் மாதக்கணக்கில் உழைத்து ஒரு படி எடுத்தனர். இங்குச் சில நொடிகளில் ஒரு படி பிறக்கின்றது.

குழிகளின் வரிசை தகட்டின் உட்புறத்தில் தொடங்கி, நத்தைக்கூட்டின் சுருள்போல வளைந்து வளைந்து வெளிப்புறம் செல்கின்றது. அச்சுருளை நீட்டிப் பார்ப்பதாகக் கொள்வோம். பாம்பன் கடலின்மேல் 1914ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட பழைய இரயில் பாலத்தின் நீளம் இரண்டு கிலோமீட்டருக்குச் சற்று மிகுதி. பாட்டுக் கேட்கும் குறுந்தகட்டின் சுருள் 5 கிலோமீட்டருக்குச் சற்று மிகும். அப்பாலத்தைப்போல் அது இரண்டரை மடங்கு. டிவிடி என்னும் அடுத்த தகட்டின் சுருள் ஏறத்தாழ 12 கிலோமீட்டர். புளூ-ரே தகட்டின் ஒரே அடுக்கிலுள்ள சுருளோ ஏறத்தாழ 27 கிலோமீட்டர். இராமேசுவரத்திலிருந்து தனுஷ்கோடிக்குச் செல்லும் வழி ஏறத்தாழ 20 கிலோமீட்டரே. அவ்வழியினும் நீண்டதொரு வரி, உள்ளங்கையில் அடங்கும் தகட்டினுள் சுருண்டு கிடக்கின்றது என்றால் அது வியப்பன்றோ!

மூன்று தகடுகளும் அளவில் ஒன்றே. அவ்வாறிருக்க, ஒன்றில் மட்டும் அத்துணை நீண்ட வரி அடங்கியது எங்ஙனம்? வரிகள் நெருங்கியமையே காரணம். ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் கூறாக்கினால் ஒரு கூறு மைக்ரோமீட்டர் எனப்படும். குறுந்தகட்டில் இரு வரிகளுக்கு இடையே உள்ள தொலைவு 1.6 மைக்ரோமீட்டர், டிவிடியில் 0.74, புளூ-ரேயில் 0.32. மனிதனின் தலைமயிர் ஒன்றின் அகலத்தில் ஏறத்தாழ இருநூறு வரிகளை அடுக்கிவிடலாம். மிகச் சிறிய குழியின் நீளமோ 0.15 மைக்ரோமீட்டரே. இவ்வளவு நுண்ணிய எழுத்தைப் படிப்பதற்கு அதற்கேற்ற நுண்ணிய ஒளிமுனை வேண்டும். அதனை எவ்வாறு பெறுவது?

இதற்கு விடை காணத் தனுஷ்கோடிக் கரைக்கே செல்வோம். அங்கு நிலம் குறுகி, இருபுறமும் இரு கடல்கள் தோன்றும். வடக்கே இருப்பது பாக் நீரிணையைச் சார்ந்த கடல். தெற்கே இருப்பது மன்னார் வளைகுடா. வடகடல் பெரும்பாலும் அமைதியாகச் சிற்றலைகளோடு காணப்படும். தென்கடல் பேரலைகளோடு ஆர்ப்பரிக்கும். பருவத்திற்கேற்ப இந்நிலை மாறுவதும் உண்டு. இவ்வியல்புகளைக் கருதியே அப்பகுதி மக்கள் வடகடலைப் பெண்கடல் என்றும், தென்கடலை ஆண்கடல் என்றும் வழங்குகின்றனர்.

இரு கடல்களிலும் ஆளுக்கொரு மெல்லிய கழியை நாட்டி வைப்பதாகக் கருதுங்கள். தென்கடலின் நீண்ட அலை அக்கழியைப் பொருட்படுத்தாது கடந்து செல்லும். கழி ஒன்று நின்றது என்பதற்கான அடையாளமே அவ்வலையில் தோன்றாது. வடகடலின் சிற்றலையோ கழியின்மேல் மோதிச் சிறு வளையங்களாகச் சிதறும். அதனைக் கரையில் இருந்து காண்பவன், அங்கே ஏதோ ஒன்று உண்டு என்று அறிவான். சிறு பொருளை உணர்வதற்குச் சிற்றலையே வேண்டும் என்பது இதனால் விளங்குகின்றதன்றோ?

ஒளியும் அலையாகச் செல்வதே. அலையின் ஒரு முகட்டிற்கும் அடுத்த முகட்டிற்கும் இடையே உள்ள தொலைவு அலைநீளம் எனப்படும். ஒளியின் அலைநீளத்தை நானோமீட்டர் என்னும் அளவையால் கூறுவர். மைக்ரோமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கே நானோமீட்டர். எவ்வளவு சிறந்த கண்ணாடி வில்லையைக் கொண்டு குவித்தாலும், ஒளியை அதன் அலைநீளத்தினும் மிகச் சிறியதொரு புள்ளியாக ஒடுக்க இயலாது. இஃது இயற்கை விதித்த எல்லை. சிவந்த ஒளியின் அலை நீண்டது. நீல ஒளியின் அலை குறுகியது. ஆகவே நீல ஒளியே கூரிய எழுத்தாணி.

1982ஆம் ஆண்டில் விற்பனைக்கு வந்த குறுந்தகட்டைப் படிக்கப் பயன்பட்டது 780 நானோமீட்டர் அலைநீளமுடைய அகச்சிவப்பு ஒளி. 1996ஆம் ஆண்டில் வந்த டிவிடிக்கு 650 நானோமீட்டர் சிவப்பொளி பயன்பட்டது. புளூ-ரேக்குப் பயன்படுவது 405 நானோமீட்டர் அளவுள்ள நீல ஊதா ஒளி. ஒளியோடு வில்லையும் சீர்திருத்தப்பட்டது. ஒளியை முன்னினும் அகன்ற கோணத்தில் குவிக்கும் வில்லையை அமைத்தனர். இவ்விரண்டினாலும் ஒளிப்புள்ளியின் குறுக்களவு டிவிடியில் இருந்ததைப்போல் பாதியினும் குறைந்தது. அதன் பரப்பு ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்காயிற்று. எனவே ஒரே இடத்தில் ஐந்து மடங்கு செய்தி அடங்கிற்று. டிவிடியின் ஓர் அடுக்கு 4.7 ஜிகாபைட் கொள்ளும். புளூ-ரேயின் ஓர் அடுக்கு 25 ஜிகாபைட் கொள்ளும். இரண்டு அடுக்குகள் உள்ள தகடு 50 ஜிகாபைட் கொள்ளும்.

நீல ஒளியின் சிறப்பை விஞ்ஞானிகள் முன்னரே அறிந்திருந்தனர். ஆனால் சிறியதொரு பொருளிலிருந்து அவ்வொளியைப் பெறும் வழிதான் நெடுங்காலம் புலப்படவில்லை. காலியம் நைட்ரைடு என்னும் பொருளால் அது கைகூடலாம் என்று சிலர் எண்ணினர். குற்றமற்ற படிகமாக அதனை வளர்ப்பது மிக அரிதாயிருந்தமையால் பலர் அம்முயற்சியைக் கைவிட்டனர். ஜப்பான் நாட்டில் அகாசாக்கி என்னும் பேராசிரியரும் அவருடைய மாணவர் அமானோவும் தளராது உழைத்து நல்ல படிகத்தை வளர்த்தனர். அதே நாட்டில், சிக்கோகு என்னும் தீவின் கடலோரச் சிற்றூரில் 1954ஆம் ஆண்டில் பிறந்த நாக்கமுரா என்பவர், அத்தீவிலேயே இருந்த ஒரு நிறுவனத்தில் பணியாற்றிக்கொண்டு, தம் கையாலேயே கருவிகளைத் திருத்தி அமைத்துச் சோதனைகள் செய்தார். 1993ஆம் ஆண்டில் அவர் ஒளிமிக்க நீல விளக்கை உலகிற்குக் காட்டினார். சில ஆண்டுகளில் நீல ஊதா லேசரும் அவர் கையில் உருவாயிற்று. இம்மூவருக்கும் நீல ஒளி உமிழும் விளக்கிற்காக 2014ஆம் ஆண்டில் பௌதிகத்திற்கான நோபெல் பரிசு வழங்கப்பட்டது. தீவொன்றின் கடலோரத்தில் பிறந்தவர் உலகிற்கு ஒளி தந்த இவ்வரலாறு, அப்துல் கலாம் பிறந்த இராமேசுவரத் தீவின் மாணவர்களுக்கு ஊக்கம் அளிப்பதாகும்.

இனி, அத்தகடு தாங்கும் காட்சியை நோக்குவோம். திரையில் நாம் காணும் படம் எண்ணற்ற வண்ணப் புள்ளிகளால் ஆனது. நம் நாட்டு முறைப்படி அமைந்த டிவிடியின் ஒரு படத்தில் 720 பத்திகளும் 576 வரிசைகளுமாக 4,14,720 புள்ளிகள் இருந்தன. புளூ-ரேயில் 1,920 பத்திகளும் 1,080 வரிசைகளுமாக 20,73,600 புள்ளிகள் உள்ளன; அஃதாவது ஐந்து மடங்கு. பாம்பன் பாலத்தின் தூண்களில் அலை மோதித் தெறிக்கும் காட்சியைப் பழைய தகட்டில் கண்டால் வெண்மையானதொரு மங்கல் தோன்றும். புதிய தகட்டில் அதனைக் கண்டால் திவலைகள் தனித்தனியே தெரியும். மிக்க தெளிவு என்று கூறுவதன் பொருள் இதுவே.

இங்கு ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்று நிறங்களின் அளவைக் குறிக்க மூன்று பைட் வேண்டும். திரைப்படத்தில் ஒரு நொடிக்கு 24 படங்கள் ஓடுகின்றன. எனவே ஒரு நொடிக்கு ஏறத்தாழ 15 கோடி பைட் தேவைப்படும். 25 ஜிகாபைட் என்பது 2,500 கோடி பைட். அப்படியாயின் மூன்று நிமிடம் ஆவதற்கு முன்பே தகடு நிறைந்துவிடும்! இரண்டரை மணி நேரத் திரைப்படம் ஒன்றிற்கு ஐம்பத்து நான்கு தகடுகள் வேண்டியிருக்கும். இவ்விடரைச் சுருக்கக் கலையால் வென்றனர். பாலத்தின் அடியில் ஒரு படகு செல்லும் காட்சியை எண்ணுங்கள். பாலம் அசைவதில்லை, வானமும் பெரிதாக மாறுவதில்லை, படகும் அலையுமே மாறுகின்றன. முதற்படத்தை முழுதும் எழுதிவிட்டு, அடுத்தடுத்த படங்களில் மாறியவற்றை மட்டும் எழுதினால் போதுமன்றோ? கண்ணுக்குப் புலனாகாத நுண்ணிய வேறுபாடுகளையும் விட்டுவிடலாம். இவ்வாறு சுருக்கியே முழுத் திரைப்படத்தையும் ஒரு தகட்டில் அடக்கினர்.

நுண்ணிய எழுத்திற்கு இன்னல் மிகுதி. ஒரு தூசி விழுந்தால் பல்லாயிரம் குழிகள் மறைந்துவிடும். மேலும், புளூ-ரேயில் எழுத்துகளை மூடியிருக்கும் மேலுறையின் தடிப்பு 0.1 மில்லிமீட்டரே; ஒரு தாளின் தடிப்பு எனலாம். ஒளியை அகன்ற கோணத்தில் குவிக்கும்பொழுது உறை தடித்திருந்தால் புள்ளி சிதைந்துவிடும் என்பதனாலேயே அதனை இவ்வளவு மெல்லியதாக அமைத்தனர். 2003ஆம் ஆண்டில் ஜப்பானில் முதன்முதல் விற்பனைக்கு வந்த தகடுகளைக் கீறலினின்று காப்பதற்குக் கூட்டினுள் வைத்தே விற்றனர். பின்னர்க் கடினமான பூச்சு ஒன்றைக் கண்டறிந்தமையால் கூடு தேவையற்றதாயிற்று.

அவ்வாறு காத்தும் சில குறிகள் சிதைவது உறுதி. அச்சிதைவை எவ்வாறு சரிசெய்வது? இவ்விடத்தில் நம் புலவர்களின் வழி நினைவிற்கு வருகின்றது. ஓலையில் புள்ளி வைத்தால் ஓலை கிழியும் என்று அஞ்சி, ஏடெழுதுவோர் மெய்யெழுத்துகளுக்குப் புள்ளி இடாமலே எழுதினர். செல்லரித்து எழுத்துகள் உதிர்ந்த இடங்களும் பல. ஆயினும் பிற்காலப் புலவர்கள் பல பாடல்களைத் திருத்தமாகப் படித்தனர். எங்ஙனம்? பாட்டிற்கு யாப்பு உண்டு. அடிக்குச் சீர்க்கணக்கு உண்டு. எதுகையும் மோனையும் உண்டு. சீர் குறைந்தால் ஓர் எழுத்து விடுபட்டது தெரியும். எதுகை பிழைத்தால் எவ்வெழுத்து பிழை என்பதும் தெரியும். யாப்பு செவிக்கு இன்பம் தந்ததோடு, பாட்டிற்குக் காவலாகவும் நின்றது. ஒளித்தகட்டிலும் இத்தகைய காவல் உண்டு. செய்தியைக் குறிக்கும் எண்களோடு, அவற்றிலிருந்து கணக்கிட்டுப் பெற்ற வேறு எண்களையும் சேர்த்தே எழுதுகின்றனர். சில எண்கள் மறைந்தால் எஞ்சிய எண்களின் உறவைக்கொண்டு மறைந்தவற்றைக் கருவி தானே கண்டுகொள்ளும். சிறு கீறல்கள் இருப்பினும் படம் தடையின்றி ஓடுவதற்குக் காரணம் இதுவே.

இத்துணைச் சிறப்புடைய தகடு என்றும் நிலைபெறுமா? அதன் வரலாற்றைச் சற்றே நோக்குவோம். 2002ஆம் ஆண்டில் ஒன்பது நிறுவனங்கள் ஒன்றுகூடிப் புளூ-ரே முறையை அறிவித்தன. 2006ஆம் ஆண்டில் அத்தகட்டில் திரைப்படங்கள் வெளிவந்தன. அதே காலத்தில் எச்டி டிவிடி என்னும் மற்றொரு முறையும் போட்டியாகத் தோன்றியது. இரண்டும் நீல ஊதா ஒளியையே பயன்படுத்தின. ஆயினும் ஒன்றன் கருவியில் மற்றொன்று ஓடாது. 2008ஆம் ஆண்டில் எச்டி டிவிடி களத்தை விட்டு நீங்கியது. அதனை வாங்கியோரின் தகடுகள், படிப்பாரற்ற ஏடுகளாயின. வென்ற புளூ-ரேக்கும் பின்னர்ச் சோதனை வந்தது. இணையத்தின் வழியே வீட்டிற்கு நேரே படம் வரத் தொடங்கியதும் தகடு வாங்குவோர் குறைந்தனர். இந்தியாவில் ஒளித்தகடுகளைப் பெருவாரியாக ஆக்கிய மோசர் பேயர் நிறுவனத்தைக் கலைக்குமாறு 2018ஆம் ஆண்டில் ஆணை பிறந்தது. நாமே பதிவுசெய்துகொள்ளத்தக்க புளூ-ரே தகடுகளை ஆக்குவதைச் சோனி நிறுவனம் 2025ஆம் ஆண்டு பிப்ரவரியில் நிறுத்திக்கொண்டது. திரைப்படத் தகடுகள் இன்றும் வெளிவருகின்றன. ஆயினும் அவற்றை ஓட்டும் கருவிகளைச் செய்வோர் குறைந்து வருகின்றனர்.

இணையத்தில் எல்லாம் கிடைக்கும்பொழுது தகட்டைப் பற்றிக் கவலை எதற்கு என்று சிலர் வினவலாம். இணையத்தில் நாம் காணும் படம் நம் கையில் இருப்பதன்று. அதனை வைத்திருப்போர் விரும்பும் வரையில்தான் அது நமக்குக் காட்சி தரும். அவர் எடுத்துவிட்டால் மறைந்துவிடும். தகடோ நம் பெட்டியில் இருப்பது. ஆனால் கருவி இல்லாவிடின் அதுவும் வாய் திறவாது. இவ்விரண்டிற்கும் இடையே பலவற்றை நாம் இழக்கக்கூடும். தமிழின் முதற் பேசும்படமாகிய காளிதாஸ் 1931ஆம் ஆண்டில் வெளிவந்து மக்கள் உள்ளத்தைக் கவர்ந்தது. இன்று அதன் படச்சுருள் ஒன்றேனும் கிடைக்கவில்லை. உரிய காலத்தில் படியெடுத்துப் போற்றுவார் இல்லாமையால், ஒரு காலத்தின் குரலே அடங்கிப்போயிற்று.

இழப்பு என்பது யாது என்று இராமேசுவரக் கரையினருக்கு எடுத்துரைக்க வேண்டுவதில்லை. இலங்கைக்குக் கப்பல் ஏறும் துறைமுகமாக விளங்கியது தனுஷ்கோடி. இரயில் நிலையமும் அஞ்சலகமும் கோயிலும் தேவாலயமும் கொண்டு அது செழித்திருந்தது. 1964ஆம் ஆண்டு டிசம்பர் 22ஆம் நாள் இரவு எழுந்த பெரும்புயலில் கடல் அவ்வூரின்மேல் ஏறியது. இரயில் வண்டி ஒன்று பயணிகளோடு அலைகளுக்கு இரையாயிற்று. விடிந்தபோது ஊர் இல்லை. அத்தெருக்களில் நடந்தோரும், அக்கப்பல்களுக்குப் பயணச்சீட்டு வாங்கியோரும், அவ்வூர்ப் பள்ளியில் படித்தோரும் எவ்வாறு இருந்தனர் என்பதை அறிய நமக்கு எஞ்சியவை இடிந்த சுவர்களும், சில நிழற்படங்களும், முதியோரின் நினைவுமே. அந்நினைவும் ஆண்டுதோறும் குறைந்து வருகின்றது. அவ்வூரைக் கண்ட முதியவர் ஒருவரின் சொற்களை இன்று நாம் பதிவுசெய்வோமாயின், ஒரு தகட்டின் சிறு மூலையே அதற்குப் போதும். பதிவுசெய்யாது விடுவோமாயின், அதனை மீட்டுத் தரும் கருவியை எந்த விஞ்ஞானியும் ஆக்க இயலாது.

நம் வீடுகளிலும் இத்தகைய செல்வங்கள் உள்ளன. பெற்றோரின் திருமணம், பாட்டியின் பேச்சு, ஊர்த் திருவிழா, பள்ளி விழாவில் ஆடிய கும்மி ஆகியவை பழைய வீடியோ நாடாவிலும் தகட்டிலும் பரணில் உறங்குகின்றன. உவர்க்காற்று வீசும் கடற்கரை ஊர்களில் ஈரமும் வெப்பமும் அவற்றிற்குப் பகை. வீட்டில் எழுதிக்கொள்ளும் தகடுகள் பலவற்றில் எழுத்தைத் தாங்குவது ஒரு சாயப்படலம். அது காலப்போக்கில் மங்கும் இயல்புடையது. அவற்றை நிழலும் உலர்வும் உள்ள இடத்தில், முகம் கீறாதவாறு நிறுத்தி வைத்தல் வேண்டும். ஓட்டும் கருவி கிடைக்கும் காலத்திலேயே புதிய சேமிப்பில் படியெடுத்து, ஒரு படியை வேறொரு வீட்டிலும் வைத்தல் வேண்டும்.

இது புதிய அறிவுரையன்று. பனையோலை நமக்குக் கற்பித்த பாடமே. எந்த ஓலையும் என்றும் நிலைத்ததில்லை. சில நூற்றாண்டுகளில் அது மட்கிப்போகும். ஆயினும் இரண்டாயிரம் ஆண்டு முதுமையுடைய பாடல்கள் நம்மிடம் வந்து சேர்ந்துள்ளன. ஓலை நிலைத்தமையால் அவை வரவில்லை. தலைமுறைதோறும் யாரேனும் ஒருவர் புதிய ஓலையில் படியெடுத்தமையால் வந்தன. படியெடாத நூல்கள் மறைந்தன. இராமநாதபுரத்தைச் சார்ந்த பாண்டித்துரைத் தேவர் 1901ஆம் ஆண்டில் மதுரையில் தமிழ்ச்சங்கம் நிறுவி ஏடுகளைத் தொகுத்ததும், உ. வே. சாமிநாத ஐயர் ஊர் ஊராகச் சென்று ஏடு தேடி அச்சிட்டதும் இத்தொண்டின் தொடர்ச்சியே ஆகும்.

ஒரு பக்கத்திற்கு 5,000 பைட் என்று கொண்டால், ஒரே அடுக்குள்ள புளூ-ரே தகட்டில் ஐம்பது இலட்சம் பக்கங்கள் அடங்கும். சங்கப் புலவர் கண்டிருந்தால் கைகூப்பி வியந்திருப்பர். ஆனால் அவர்கள் நம்மை நோக்கி வினவுவதும் ஒன்று உண்டு: “இவ்வளவு பெரிய ஓலையைச் செய்துகொண்டீர்களே, அதில் எதனை எழுதினீர்கள்? அடுத்து வருபவருக்கு அதனைப் படியெடுத்துக் கொடுத்தீர்களா?” இவ்வினாவிற்கு விடை கூற வேண்டியவர்கள் நாமே. இன்று மாலை வீட்டிற்குச் சென்றதும், பரணில் உள்ள பழைய பெட்டியைத் திறந்து பாருங்கள்.